ஈ.ஈ.ஜி. அறையில் பஜனை

பரமசிவம் வந்து நின்றபோது நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். எண்ணெய் சரியாகக் காய்ந்திருந்த நேரம். காளிகாட்டில் எங்கள் சந்தின் வாசலிலேயே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் அவனுக்கு முழங்கால் வரை சேறு. உட்காரு என்றேன், உட்காரவில்லை.

"மதினி, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிறாதீக. இன்னிக்கு லேடில் அந்தரத்துல நின்னுபோச்சு."

என் வீட்டுக்காரர் கருப்பையா ஹவுராவில் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. லேடில் என்கிற பெரிய வாளியில் கொதிக்கிற இரும்பைத் தூக்கிக்கொண்டு, கீழே வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேலே போய், அச்சுகளுக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். பரமசிவம் கீழே நின்று கை காட்டுகிறவன்.

"நான் கையைக் காட்டுறேன், காட்டிக்கிட்டே இருக்கேன். அண்ணன் என்னையத்தேன் பாக்குறாரு, ஆனா பாக்கலை. சட்டைப் பித்தானைத் திருகிக்கிட்டு வாயை மென்னுக்கிட்டு இருக்காரு. பக்கத்து ஷெட்டுல விஸ்வகர்மா பூஜைக்கு மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தத்துல நான் கத்துனது கேக்கலையோன்னு பாத்தா, அதுவும் இல்ல. கீழ நின்ன அத்தனை பேரும் ஓடிட்டோம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இறக்குறாரு."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அடுப்பை அணைத்தேன். பித்தானைத் திருகுவதும் வாயை மெல்லுவதும் எனக்குப் புதிதில்லை. நாலு வருஷமாகப் பார்க்கிறேன், ஆனால் லேக் கார்டன்ஸில் மட்டும்.

அங்கே வெங்கடசுப்ரமணியன் என்று, அக்கவுண்ட்ஸ் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர், சனிக்கிழமை தோறும் தன் வீட்டில் பஜனை நடத்துகிறார். எங்களவர் கஞ்சிரா நன்றாக வாசிப்பார் என்று யாரோ சொல்லிக் கூப்பிட்டார்கள். போன புதிதில் வாசற்படி ஓரம், செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் இவருக்கு இடம். ஒரு சனிக்கிழமை நாமாவளி வேகமெடுத்து, ஜால்ராச் சத்தம் உச்சிக்குப் போனபோது, இவர் கை கஞ்சிரா மேல் அப்படியே நின்றது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. உதடு மெல்லுகிறது. வெங்கடசுப்ரமணியன் பாட்டை நிறுத்திவிட்டு, "சமாதி" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே விளக்குக்குப் பக்கத்தில் மணை போட்டுவிட்டார்கள். பேங்க் மேனேஜரும் ஜாதவ்பூர் புரொபசரும் வந்து காலில் விழுந்தார்கள். நானே விழுந்திருக்கிறேன். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. இரும்புக் கரி ஏறிய காலில் ஆபீசர்கள் நெற்றியை வைத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் குளிராது?

ஆனால் விளக்கு முன்னால் வருகிற சாமி கிரேன் மேலும் வருமா? வந்தால் கீழே நிற்கிற பிள்ளைகுட்டிக்காரன் கதி என்ன? அன்று சாயங்காலம் அவர் வருகிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு ஈடு முறுக்கு கருகிப் போயிற்று.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் சந்துக்கே தெரியும்.

"இன்னிக்கு லேடில் நின்னுச்சாமே."

"பரமசிவம் வந்தானா?"

"யாரு வந்தா என்ன. வேலை செய்யிற எடத்துக்கும் சாமி வருதுன்னா, அதுக்கு வேற சோலி இல்லையா? டாக்டருகிட்டப் போவோம்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அது நோயின்னு சொல்றியா?"

"நான் சொல்லலை. டாக்டர் சொல்லட்டும்."

"அந்த வீட்டுல மட்டுந்தேன் என்னைய ஒரு மனுசனா மதிக்கிறாக அன்னம். அதையும் கெடுத்துறாத." பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே லேக் கார்டன்ஸ் போய் வெங்கடசுப்ரமணியன் முன்னால் நின்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"சயின்ஸுக்கு நான் விரோதி இல்லைம்மா. பார்த்துடலாமே. மூளையை அப்படியே படம் எடுக்கற மெஷினே கல்கத்தாவுக்கு வந்துடுத்து. ஒண்ணும் இல்லேன்னு வந்தா உங்க சந்தேகமும் தீரும், எங்களுக்கும் ஒரு அத்தாட்சி ஆச்சு."

அவர் சொன்ன பிறகுதான் எங்களவர் சம்மதித்தார். நான் சொன்னால் நோய், அவர் சொன்னால் அத்தாட்சி. இதற்குள் ஃபோர்மேன் காதுக்கும் விஷயம் எட்டி, டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவா என்று லீவு போடச் சொல்லிவிட்டார்.

மூளை, நரம்பு வைத்தியம் பார்க்கிற டாக்டர் சன்யால் ஒல்லியான மனுஷர். பற்ற வைக்காத சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே பேசுவார். முதலில் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். தலையில் எண்ணெய் கூடாது என்றார்கள். பிறந்ததிலிருந்து எண்ணெய் வைக்காமல் வெளியே போகாத மனிதரை நான் சீயக்காய் போட்டு அலசி, பறக்கிற தலையோடு கூட்டிப் போனேன். தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மெஷினில் வரிசையாகப் பேனாக்கள், அடியில் காகிதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடு, திற, மூச்சை வேகமாக விடு என்றார்கள். அரை மணி நேரம் பேனாக்கள் ஒழுங்காகச் சின்னச் சின்ன அலையாகப் போட்டுக்கொண்டிருந்தன. எடுத்து முடித்த கையோடு லோட் ஷெடிங், கரண்டு போயிற்று. கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர்.

அடுத்து ஸ்கேன். பஜனைக்காரர்களே கைக்காசு போட்டு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்க வைத்தார்கள். பூசணிக்காயை வில்லை வில்லையாக நறுக்கின மாதிரி மூளையின் படம் வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

"பெரிய மெஷினே சொல்லிருச்சு. இப்ப என்ன சொல்ற?" என்றார் எங்களவர். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நடந்த கூத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஸ்கேன் படத்தைக் குத்துவிளக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். வெங்கடசுப்ரமணியன் அதைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்ட, ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி எந்தப் பக்கம் பகவான் இருக்கிறார் என்று கேட்டாள். கழுத்தில் மாலையோடு எங்களவர் மணையில் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைப் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றும் பாட்டு வேகமெடுத்தபோது அவருக்கு வந்தது. அன்றும் விழுந்தார்கள்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கிரேன் ஏற வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் லேடில்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் டாக்டர் சன்யாலைப் பார்த்தேன். அவர் வங்காளத்தில் பேசினார், நான் மார்க்கெட் வங்காளத்தில் பேசினேன்.

"ஒண்ணும் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ அவர் கிரேன் ஏறலாமா?" என்று கேட்டேன்.

"ஏறலாம்னு நான் சொல்லலையே பௌதி. கம்பெனி டாக்டர் சொல்லியிருக்கார்." பௌதி என்றால் வங்காளத்தில் மதினி. சிகரெட்டை மேஜையில் தட்டினார். "எக்ஸ்-ரே எடுத்தா எலும்பு தெரியும். இந்த ஸ்கேன்ல உள்ளே இருக்கிற மூளை தெரியும். கட்டி இருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கா, எங்கேயாவது சுருங்கியிருக்கா, அதெல்லாம் பார்க்கலாம். முன்னே இதைப் பார்க்கக் கழுத்து ரத்தக்குழாயில மருந்து ஏத்தணும், இல்லே முதுகுத்தண்டுல காத்து ஏத்தணும். ஒரு வாரம் தலைவலியில துடிப்பாங்க. இப்போ அந்தக் கஷ்டம் இல்லை. ஆனா எல்லாமே வீட்டைப் பார்க்கிற வேலைதான். சுவர் விரிசல் விடலைங்கிறதால உள்ளே சண்டை நடக்கலைன்னு சொல்ல முடியுமா?"

"எங்க வீட்டுச் சுவர் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஈ.ஈ.ஜி. வீட்டைக் காட்டாது. மூளையில ஓடுற மின்சாரத்தை மட்டும் எழுதும். அதுவும் ஒயர் ஒட்டியிருக்கிற நேரத்துல ஓடுறதை மட்டும். அன்னிக்கு அரை மணி நேரம் அமைதியா இருந்தது. அமைதின்னு எழுதிச்சு. வர்ற நேரத்துல அவர் மெஷின்ல இருக்கணும். எப்போ வருது?"

"பஜனையில. பாட்டு வேகமாகும்போது."

"ஃபாக்டரியில வந்ததே, அங்கே ஏது பாட்டு?"

பாட்டு ஏது அங்கே என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. பக்கத்து ஷெட்டு மைக். பரமசிவம் சேற்றுக் காலோடு நின்று சொன்னதைச் சொன்னேன்.

டாக்டர் சிகரெட்டைக் கீழே வைத்தார். "பாட்டுக் கேட்டால் வர்ற வலிப்பு உண்டு. ரொம்ப அபூர்வம். படிச்சிருக்கேன், பார்த்ததில்லை. அந்தப் பாட்டை டேப்ல பிடிச்சு இங்கே கொண்டு வாங்க."

வெளியே வந்தால் ராஷ்பிஹாரி முனையில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விஸ்வகர்மா பூஜை போனால் துர்கா பூஜை, அது போனால் காளி பூஜை. கல்கத்தாவில் மைக் இல்லாத தெரு எது? பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் காளிகாட் வரை நடந்தே போனேன்.

வெங்கடசுப்ரமணியனிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். அவர் துள்ளிக் குதிக்காத குறைதான். "சமாதியில மூளையோட அலை எப்படி இருக்குன்னு வெளிநாட்டுலே ஆராய்ச்சியே பண்றாளாம். டேப் எதுக்கு? நாங்களே நேர்ல வரோம்" என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அவருக்கு வேண்டியது வேறு, எனக்கு வேண்டியது வேறு, மெஷின் ஒன்றுதான்.

எங்களவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கக் கஞ்சிராவைத் தொடவில்லை. அடுப்படியில் வந்து நிற்பார், ஏதோ கேட்க வந்தவர் மாதிரி பார்ப்பார், போய்விடுவார். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்பார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் போனோம். திங்கட்கிழமை கிரேன். ஈ.ஈ.ஜி. அறை எங்கள் வீட்டு அளவுதான் இருக்கும். அதற்குள் ஆர்மோனியம், இரண்டு ஜோடி ஜால்ரா, ஆறு பேர். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரண்டு போய்விடக் கூடாதே என்று நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களவர் தலையெல்லாம் ஒயரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயசைத்தால் பேனா உளறும், அதனால் பாடக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதலில் மெதுவாகப் பாடினார்கள். பேனாக்கள் சின்ன அலைகளையே போட்டன. இரண்டாவது பாட்டு. ஒன்றுமில்லை. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஐயோ, வராமலே போய்விட்டால்? கட்டின புருஷனுக்கு வலிப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காளிகாட் காளியை நினைத்து வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது நாமாவளியில் வெங்கடசுப்ரமணியன் வேகத்தை ஏற்றினார். ஜால்ரா சேர்ந்துகொண்டது. இரட்டிப்பு வேகம். எங்களவர் கை மெல்ல எழுந்து சட்டைப் பித்தானுக்குப் போனது. உடனே நடுவில் இருந்த இரண்டு பேனாக்கள் துடிக்க ஆரம்பித்தன. பிறகு பக்கத்துப் பேனாக்கள். கோடுகள் உயர்ந்து உயர்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பேனாக்கள் காகிதத்தைப் பிறாண்டுகிற சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது.

"கருப்பையா பாபு, உங்க பேர் என்ன? என் கையைப் பிடிங்க" என்று டாக்டர் குனிந்து கேட்டார். பதில் இல்லை. உதடு மென்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் வெங்கடசுப்ரமணியன் அந்த ஒயர்களுக்கு நடுவில் தொபுக்கென்று சாஷ்டாங்கமாக விழுந்தார். ஒருத்தர் காலடியில் கிடக்கிறார், ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறேன். அதில் சாமியும் இல்லை, அவரும் இல்லை. கழற்றி வைத்த சட்டை மாதிரி இருந்தது. "நிறுத்துங்க போதும்" என்று கத்திவிட்டேன்.

பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் பேனாக்களும் அடங்கின. எங்களவர் கண்ணைச் சிமிட்டினார்.

"மூணாவது பாட்டு அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

டாக்டர் காகிதத்தை மேஜை முழுக்க விரித்தார். "இதோ, வலது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்துல தொடங்குது. இங்கே பரவுது, இங்கே அடங்குது. வலிப்புதான். மாத்திரை இருக்கு, கட்டுப்படும். உயரத்துல ஏறக் கூடாது" என்றார்.

வெங்கடசுப்ரமணியன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சமாதிக்கும் இதே கோடு வரலாமில்லையா டாக்டர்? பகவான் இல்லைன்னு இந்தக் காகிதத்துல எங்கே இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்திலிருந்த புரொபசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"எங்கேயும் இல்லை. இது மின்சாரத்தைத்தான் அளக்கும். அவர் என்ன பார்த்தார்ங்கிறதை அளக்க என்கிட்டே மெஷின் கிடையாது. அவரைத்தான் கேட்கணும்" என்றார் டாக்டர்.

எல்லாரும் எங்களவர் பக்கம் திரும்பினார்கள். வெங்கடசுப்ரமணியன் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் குனிந்தார். "நீங்களே சொல்லுங்கோ. இப்போ தரிசனம் ஆச்சோ?"

கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் பையில்தான் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் விளக்குக்குப் பக்கத்தில் மணை, திங்கட்கிழமை கிரேன். சன்யால் சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்? நாலு வருஷமாக அவருக்குக் கிடைத்த மரியாதை முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஒண்ணும் பாக்கலீங்க."

"இப்போ ஞாபகம் வராது. அப்புறமா நிதானமா..."

"என்னைக்குமே பாத்ததில்லீங்க. பாட்டு வேகமாகுது. வயித்துலேருந்து என்னமோ மேல ஏறுது. அப்புறம் பாத்தா நீங்க எல்லாரும் என் கால்ல கெடக்கீக. நடுவுல ஒண்ணுமே இல்லீங்க, இருட்டுக்கூட இல்ல. சாமி வந்து நின்னுச்சு, நின்னுச்சுன்னு எல்லாரும் சொன்னீக. படிச்சவுக சொல்றீக, பொய்யா இருக்குமா? அப்ப எனக்கு மட்டும் ஏன் தெரியலை? வந்த சாமி என் கண்ணுல மட்டும் படாம போகுதுன்னா நான் எம்புட்டுப் பாவம் செஞ்சிருக்கணும்? நாலு வருசமா இதை யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம கெடந்தேங்க."

ஆர்மோனியக்காரர் துருத்தியை மூடினார். பக்கத்திலேயே படுத்து எழுந்த எனக்கே இது தெரியாது. மதிப்புக்கு ஆசைப்பட்டு அடம் பிடிக்கிறார் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியிருக்கிறேன். அவரை இழுத்து நாலு அடி அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அவர் பையிலிருந்து கம்பெனி டாக்டர் காகிதத்தை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். "கிரேன் ஏறக் கூடாதுன்னு இதுலயே எழுதிக் குடுங்க. கீழ பரமசிவம் நிக்கிறான்" என்றார். அவருக்குத் தெரிந்த வங்காளத்தில்தான் சொன்னார்.

டாக்டர் எழுதினார். எங்களவர் எழுந்திருக்கவில்லை. மேஜை மேல் கிடந்த கோடுகளை விரலால் தடவினார். உயர்ந்து நிற்கிற இடத்தில் விரல் நின்றது.

"டாக்டர் பாபு, இது நோய்தானே? நிச்சயமா நோய்தானே?"

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன்.

"நோய்தான், கருப்பையா பாபு" என்றார்.

எங்களவர் இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கேட்டியா அன்னம், நோய்தானாம்" என்றார். எங்கள் பொண்ணு பிறந்த அன்றைக்குக்கூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.